சென்னிமலைப் போர்வைக் கடைக்கு எந்த டொமைன் பெயர் பொருந்தும்?

கேள்வி:
வணக்கம். சென்னிமலையில் கைத்தறிப் போர்வை விற்கும் எங்கள் கடைக்கு இணையதளம் தொடங்கவிருக்கிறோம். டொமைன் பெயரை, அதாவது இணையதள முகவரியை, டாட் காம் என்று வாங்குவதா, டாட் இன் என்றா, அல்லது முழுவதும் தமிழில் அமையும்படி ‘.இந்தியா’ என்றா? இணையதளம் வடிவமைப்பவர் தாமே பதிவு செய்து தருவதாகச் சொல்கிறார்.

மறுமொழி 1:
வெளிநாட்டு வாடிக்கையாளர் இல்லையென்றால் டாட் இன் போதும். தமிழ்ப் பெயர் பார்க்க அழகுதான். ஆனால் இணைய முகவரிகளைக் கையாளும் பெயர்க் கட்டமைப்புக்குள் அது ‘எக்ஸ்என்’ எனத் தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாகவே பதிவாகிறது என்பதாலும், தமிழ்ப் பெயரில் அமைந்த மின்னஞ்சல் முகவரியைப் பல படிவங்கள் ஏற்பதில்லை என்பதாலும், அதை இரண்டாவது பெயராக வாங்கி முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

மறுமொழி 2:
பெயரைவிட முக்கியம், அது யார் பெயரில் பதிவாகிறது என்பதே. எங்கள் கடைக்கு வடிவமைப்பாளர் தம் மின்னஞ்சலில் பதிவு செய்துவிட்டதால், அதைத் திரும்பப் பெற ஐந்து மாதம் அலைந்தேன். உங்கள் மின்னஞ்சல், உங்கள் கணக்கு, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் ஆண்டுச் சலுகை விலையை நம்பாமல் புதுப்பிப்புக் கட்டணத்தையும் பாருங்கள். டாட் காம் பெயரை அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதியலாம். காலாவதியாகி நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

கேட்டவர்:
நன்றி. டாட் இன் பெயரை என் கணக்கிலேயே இன்று பதிவு செய்கிறேன்.