வான்கோழி மீட்பால் (கறி உருண்டை) ரப்பர் மாதிரி வருது, எங்கே தப்பு?

கேள்வி:
அமெரிக்காவில் இருக்கோம். மாட்டுக்கறிக்குப் பதிலா வான்கோழிக் கைமா, எண்ணெயில் பொரிக்காம ஓவன்ல. 99% கொழுப்பில்லாத நெஞ்சுக்கறிக் கைமா 1 பவுண்டு, முட்டை 1, காய்ந்த பிரெட் தூள் அரை கப், வெங்காயம், உப்பு 1 டீஸ்பூன். மாவு பிசையற மெஷின்ல 5 நிமிஷம் ஓட்டி, 375 டிகிரி பாரன்ஹீட்ல 35 நிமிஷம் வெச்சேன். மேலே தோல் மாதிரி, உள்ளே ரப்பர். தட்டுல வெள்ளையா திட்டுத்திட்டா கசிஞ்சிருக்கு. சாஸ்ல கொதிக்க விட்டாலும் மெத்துனு ஆகல. என்ன பண்றது?

பதில் 1:
முதல்ல கறியை மாத்துங்க. 93/7னு (93% கறி, 7% கொழுப்பு) போட்டிருக்கிற பாக்கெட் எடுங்க, அதுல தொடைக்கறியும் கலந்திருக்கும். 112 கிராமுக்கு 8 கிராம் கொழுப்புதான். 80/20 மாட்டுக்கறின்னா 22 கிராம் வரும். அதனால லேசான சாப்பாடுங்கிற கணக்கு கெடாது.

பெரிய தப்பு மெஷின்தான். உப்பு சேர்ந்த கறியைப் பிசையப் பிசைய அதுல இருக்கிற புரதம் பசையா வெளியே வந்து ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும். சாசேஜ்க்கு அதுதான் வேணும், இதுக்கு ஆகாது. பரோட்டா மாவு இல்லைங்க இது!

காய்ந்த தூள் கறியோட ஈரத்தையே குடிச்சிடும். ஓரம் வெட்டின பிரெட் 2 துண்டைக் கால் கப் பால்ல 5 நிமிஷம் ஊறவெச்சு, கட்டியில்லாம கூழா மசிங்க. அதுலயே முட்டை, துருவின வெங்காயம், பூண்டு, மிளகு, முக்கால் டீஸ்பூன் உப்பு எல்லாம் கலந்துட்டு, கறியைக் கடைசியா போடுங்க. விரலை விரிச்சு வெச்சு அரை நிமிஷம் கிளறினா போதும். அங்கங்கே கறி இழை தெரிஞ்சா நல்லதுதான்.

பதில் 2:
35 நிமிஷம் ரொம்ப அதிகம். அந்த வெள்ளைத் திட்டு, சூடு கூடி கறி சுருங்கும்போது பிழிஞ்சு வந்த புரதம். ஒண்ணரை அங்குல உருண்டையா, 35 கிராம் அளவுல பிடிச்சு, 400 டிகிரியில 15 முதல் 18 நிமிஷம். நடுவுல 165 டிகிரி (74 செல்சியஸ்) காட்டினதும் எடுத்துடுங்க.

கேட்டவர்:
தெர்மாமீட்டர் இல்ல. உள்ளே ரோஸ் நிறம் போயிருக்கான்னு பார்த்தா போதாதா? இன்னொண்ணு, இன்னைக்கு 93/7ல கலந்து பார்த்தேன், கையில ஒட்டுது, உருட்டவே வரல.

பதில் 2:
நிறத்தை நம்பாதீங்க. வெங்காயம் சேர்ந்தா நல்லா வெந்த பிறகும் ரோஸாவே நிக்கலாம். வேகாமலே நிறம் மாறவும் செய்யும். கோழி, வான்கோழிக் கைமாவுக்கு குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க.

ஒட்டுறதுக்குக் காரணம் பெரும்பாலும் வெங்காயத் தண்ணி. துருவினதைத் துணியில பிழிஞ்சுட்டுப் போடுங்க. கலவையை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு, ஈரக் கையால உருட்டுங்க. ஒட்டுதுன்னு தூளை அள்ளிப் போட்டா பழைய கதைதான்.

பதில் 3:
பொட்டுக்கடலைப் பொடி போட்டா நல்லா உருட்ட வருமே? கோலா உருண்டைக்கு அதானே.

பதில் 1:
கோலாவுக்குப் பல வீடுகள்ல கைமாவை வதக்கி அரைச்சுதான் உருட்டுவாங்க. வெந்த கறி தானா ஒட்டாது, அதனால பொடி வேணும். இங்கே பச்சைக் கறி, முட்டை இருக்கு. பொடி சேர்த்தா வறண்டு போகும். வாசனைக்கு வேணும்னா 1 டேபிள்ஸ்பூன், கூடவே 1 டேபிள்ஸ்பூன் பால்.

சாஸ் விஷயம்: உருண்டை போட்ட பிறகு தளதளன்னு கொதிக்க விடாதீங்க. ஓரத்துல ஒண்ணு ரெண்டு குமிழி வர்ற தீயில 8 நிமிஷம், மூடி வெச்சு.

கேட்டவர்:
ஃப்ரீசர்ல வைக்கலாமா?

பதில் 2:
சுட்டு ஆறினதும் தட்டுல தனித்தனியா உறைய வெச்சு, அப்புறம் பையில போடுங்க. 2, 3 மாசத்துக்குள்ள முடிச்சிடுங்க. எடுக்கும்போது நேரா சாஸ்லயே போட்டு, 165 வர்ற வரைக்கும் சூடு பண்ணுங்க.