ப்ரெட்னிசோலோன் 3 மி.கி.க்கு இறக்கியதும் அசதி, தலைசுற்றல்: நோய் திரும்பியதா, அட்ரினல் விழிக்கவில்லையா?

செந்தாழை:

வணக்கம். அம்மாவுக்கு வயது 64. பாலிமயால்ஜியா ருமாட்டிக்காவுக்காக (தோளும் இடுப்பும் வலித்து இறுகும் அழற்சி நோய்) ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 15 மி.கி.யில் தொடங்கினார்கள். 12.5, 10 என்று இறங்கி, அதன்பின் மாதம் 1 மி.கி. வீதம் குறைத்து, இது பத்தாவது மாதம். இப்போது 3 மி.கி. 4 வரை ஒரு தொல்லையும் இல்லை. 3-க்கு வந்த இரண்டாவது வாரத்திலிருந்து அசதி, பசியின்மை, உடம்பு முழுக்க வலி, படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுவது. எடையும் 2 கிலோ இறங்கிவிட்டது.

ரிப்போர்ட்: இ.எஸ்.ஆர். 24, சி.ஆர்.பி. 3 (இரண்டும் அழற்சியைக் காட்டும் அளவுகள்), சோடியம் 131, பொட்டாசியம் 4.4, வெறும் வயிற்றுச் சர்க்கரை 78, டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 6.2, ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோன்) இயல்பு, கார்டிசால் 4.1 மைக்ரோகிராம்/டெசிலிட்டர் (எதிரே 'குறைவு' என்று அச்சாகியிருக்கிறது). ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான் 40-உம் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5-உம் சேர்ந்த மாத்திரை.

வலி இருப்பதால் பழைய நோய்தான் திரும்புகிறது, 10-க்கு ஏற்றுங்கள் என்கிறார் ஒருவர். தைராய்டு குறைவு, தைராக்ஸின் 25 தொடங்குங்கள் என்கிறார் இன்னொருவர். கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி பற்றி யாரும் பேசவில்லை. கார்டிசால் 4.1 என்பதை எப்படிப் படிப்பது?

சுரப்பி_வகுப்பு:

4.1-ஐ அப்படியே படிக்க முடியாது. ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு? அதற்கு முன் கடைசியாக ப்ரெட்னிசோலோன் போட்டது எப்போது? இந்த இரண்டும் தெரியாத கார்டிசால் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

கார்டிசால் அதிகாலையில் ஏறி, விழித்தெழும் நேரத்தில் உச்சம் தொட்டு, நாள் போகப்போக இறங்கி, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வரும். பகல் 11 மணிக்கு 4.1 வருவது வேறு, காலை 8 மணிக்கு 4.1 வருவது வேறு. இன்னொரு சிக்கல், ப்ரெட்னிசோலோனின் மூலக்கூறு கார்டிசாலை ஒத்திருப்பதால் பல லேப்களின் இம்யூனோஅஸ்ஸே (ஆன்டிபாடி வைத்து அளக்கும்) முறை அதையும் கார்டிசாலாகவே எண்ணிவிடும். அப்போது உண்மை அளவு ரிப்போர்ட்டில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கும். நேர்மாறாக, அன்று காலை போட்ட மாத்திரை, அட்ரினலுக்கு உத்தரவிடும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியை அடக்கி உண்மை அளவையே கீழே இழுத்துமிருக்கலாம். இரண்டு பக்கமும் தவறு வர வாய்ப்பு இருக்கிறது.

ரத்த அழுத்தத்தையும் இப்படி எடுத்துப் பாருங்கள்: 5 நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு, எழுந்து நின்ற 1-வது நிமிடத்தில் ஒன்று, 3-வது நிமிடத்தில் ஒன்று. நிற்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும். உட்கார்ந்த நிலையில் மட்டும் எடுத்தால் இந்தக் கோளாறு கண்ணுக்குப் படாமல் போய்விடும்.

செந்தாழை:

மாத்திரை காலை 7.30-க்கு, ரத்தம் எடுத்தது 11.15-க்கு. படுத்திருக்கும்போது 112/70. நின்ற 1-வது நிமிடம் 92/62, 3-வது நிமிடம் 88/60. தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை, நல்ல நினைவோடுதான் இருக்கிறார்.

சுரப்பி_வகுப்பு:

மேல் அளவு 20-க்கு மேல் சரிந்தாலே அது நிலைமாற்றத் தாழ்வழுத்தம். இங்கே 24 சரிந்திருக்கிறது. இன்றே அவரைப் பார்க்கும் டாக்டரிடம் இந்த மூன்று அளவுகளையும் சோடியம் 131-ஐயும் சொல்லுங்கள், நாளைக்குத் தள்ள வேண்டாம். வாந்தி தொடங்கினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கமாக இருந்தாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இனி உங்கள் கேள்வி. ஸ்டீராய்டை இறக்கும்போது வரும் உடம்புவலிக்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் மேலோட்டமாக ஒரே மாதிரி இருக்கும்.

முதலாவது, நோய் திரும்புவது. பாலிமயால்ஜியா என்றால் இரண்டு தோள்களும் இடுப்பும் காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடக்கும். கையைத் தூக்கித் தலை வாரவே முடியாது. சி.ஆர்.பி.யும் பெரும்பாலும் கூடவே ஏறும். இங்கே சி.ஆர்.பி. 3. வலியும் தோளில் நிற்கவில்லை, உடம்பு முழுக்க என்கிறீர்கள்.

இரண்டாவது, ஸ்டீராய்டு விலகல் நோய்க்குறி. மாதக்கணக்கில் மிகையான ஸ்டீராய்டுக்குப் பழகிய உடல், சரியான அளவுக்கு வரும்போதே தவிக்கும். கார்டிசால் போதிய அளவு இருந்தாலும் மூட்டுவலி, மனச்சோர்வு எல்லாம் வரும். ஆனால் அது சோடியத்தைக் குறைக்காது, நிற்கும்போது அழுத்தத்தைச் சரிக்கவும் செய்யாது.

மூன்றாவதுதான் அட்ரினல் போதாமை. உங்கள் அம்மாவின் படம் இதற்கே நெருக்கமாக இருக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருக்கும் வரை ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் ஓய்ந்திருக்கும், அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.ஹெச். என்ற ஹார்மோன் வராது. அந்த ஹார்மோன் கார்டிசாலைச் சுரக்கச் சொல்வதோடு நிற்பதில்லை, அட்ரினல் புறணியின் (வெளியடுக்கின்) செல்களை உயிர்ப்போடு வைத்திருப்பதும் அதுதான். அது மாதக்கணக்கில் வராவிட்டால் புறணி மெலிந்துவிடும். மருந்தைக் குறைத்ததும் பிட்யூட்டரி முதலில் விழிக்கும். மெலிந்த அட்ரினல் அதற்கு ஈடுகொடுக்க மேலும் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் பிடிக்கும்.

4 வரை நன்றாக இருந்து 3-இல் விழுந்ததற்குக் காரணம் இதுதான். உடல் ஒரு நாளில் இயல்பாகச் சுரக்கும் கார்டிசாலுக்கு ஈடு ஏறத்தாழ 4 முதல் 6 மி.கி. ப்ரெட்னிசோலோன். அதற்கு மேலே இருக்கும்வரை அட்ரினல் தூங்கினாலும் பற்றாக்குறை தெரியாது. அந்தக் கோட்டுக்குக் கீழே போனதும் மீதியைச் சுரப்பியே தர வேண்டும். 15-லிருந்து 5 வரை நோயைப் பார்த்துக் குறைக்கலாம். 5-க்குக் கீழே அட்ரினலைப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும். காலண்டரைப் பார்த்து மாதம் 1 மி.கி. என்று போனால் சிலர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வழக்கமான வழி, அறிகுறி இல்லாத கடைசி அளவுக்குத் திரும்புவது. அது இவருக்கு 4. அதற்குச் சற்று மேலே, 5 மி.கி. காலையில் ஒரே வேளை என்பது நியாயமான அளவு. டாக்டரிடம் அதைக் கேளுங்கள். 10 தேவைப்படுவதாகத் தெரியவில்லை. காரணம் அட்ரினல்தான் என்றால் ஓரிரு நாளிலேயே தலைசுற்றலும் பசியும் தெளிவாக மாறும். ஆனால் அந்த மாற்றமே நிரூபணம் ஆகாது, ஸ்டீராய்டை ஏற்றினால் பாலிமயால்ஜியாவும்தான் அடங்கும். அதனால் நிலை சீரானபின் கார்டிசாலை ஒழுங்காக மறுபடி எடுக்க வேண்டும்.

எடுக்கும் முறை: முந்தின நாள் காலை மாத்திரை வழக்கம்போல். மறுநாள் மாத்திரையைப் போடாமல் 8-க்கும் 9-க்கும் இடையில் ரத்தம் கொடுத்து, கையோடு அன்றைய மாத்திரையைப் போட்டுவிடுவது. கடைசி டோஸுக்கும் ஊசிக்கும் 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். 10 மைக்ரோகிராமுக்கு (300 நானோமோல்/லிட்டர் அளவில்) மேல் வந்தால் அட்ரினல் மீண்டுவிட்டது, மருந்தை நிறுத்தலாம். 5-க்கும் 10-க்கும் இடையில் என்றால் அதே டோஸில் வைத்து, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மறு பரிசோதனை. 5-க்குக் கீழே (150 நானோமோல்) என்றால் அதே டோஸ், சில மாதம் கழித்துத்தான் மறுபடி. லேப் அச்சிடும் 'இயல்பு வரம்பு' இந்தக் கேள்விக்காகப் போட்டதல்ல, அதை விட்டுவிடுங்கள். 1 மைக்ரோகிராம்/டெசிலிட்டர் என்பது 27.6 நானோமோல்/லிட்டர், ரிப்போர்ட் எந்த அலகில் வந்தாலும் மாற்றிக்கொள்ளலாம்.

நடுவில் தொங்கும் எண்களுக்குச் சினாக்தன் தூண்டல் சோதனை இருக்கிறது. 250 மைக்ரோகிராம் செயற்கை ஏ.சி.டி.ஹெச். ஊசி போட்டு 30-வது, 60-வது நிமிடத்தில் கார்டிசால் பார்ப்பார்கள். உச்சம் 18-ஐத் தாண்ட வேண்டும் என்பது பழைய கணக்கு. புதிய, துல்லியமான அஸ்ஸேக்களில் 14, 15 வந்தாலே போதும் என்று வரம்பு இறங்கியிருக்கிறது. எந்த முறை என்று லேபில் கேட்காமல் முடிவு சொல்லக்கூடாது.

மருந்துக்_கணக்கு:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். மாத்திரைப் பட்டியலிலிருந்து இரண்டு விஷயம்.

ஒன்று, ரத்த அழுத்த மாத்திரை. தயசைடே சோடியத்தை இறக்கும், நிற்கும்போது தலைசுற்றலும் தரும். அதனால் 131-க்கு முழுப் பழியையும் அட்ரினல்மேல் போட முடியாது. பொட்டாசியம் 4.4 என்பதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. தயசைடு அதை இறக்கும், டெல்மிசார்ட்டான் ஏற்றும், இரண்டும் சேர்ந்தால் நடுவில் நிற்கும். இன்று டாக்டரிடம் பேசும்போது இந்த மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்பதையும் கேளுங்கள். நின்றால் 88 காட்டுபவருக்கு அது தொடரவே கூடாது என்பது என் கருத்து.

இரண்டு, தைராக்ஸின். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். கார்டிசால் இயல்பாகவே டி.எஸ்.ஹெச்.-ஐக் கொஞ்சம் அடக்கி வைக்கும். கார்டிசால் குறைந்தால் அந்தப் பிடி தளர்ந்து டி.எஸ்.ஹெச். லேசாக ஏறும். ஃப்ரீ டி4 இயல்பாக இருக்க டி.எஸ்.ஹெச். மட்டும் 6.2 வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அட்ரினல் போதாமை இருக்கும்போது தைராக்ஸினை முதலில் கொடுத்தால், அது கார்டிசால் உடைந்து வெளியேறும் வேகத்தைக் கூட்டி, இருக்கிற கொஞ்சத்தையும் கரைத்துவிடும். அட்ரினல் நெருக்கடி (கார்டிசால் பற்றாமல் உயிருக்கே ஆபத்தாகும் நிலை) இப்படியும் வரும். முதலில் ஸ்டீராய்டு சீராகட்டும். 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.ஹெச்.-ஐ மறுபடி பாருங்கள்.

வேறு வழியில் ஸ்டீராய்டு உள்ளே போகிறதா என்றும் விசாரியுங்கள்: ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலர், முட்டியில் போட்ட ட்ரையாம்சினலோன் ஊசி, குளோபெட்டசோல் களிம்பு, பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடி. எல்லாமே அட்ரினலை அடக்கக்கூடியவை. இட்ராகொனசோல், ரிட்டோனவிர் போன்றவை ஸ்டீராய்டு உடைவதைத் தடுத்து அடக்குதலைப் பல மடங்காக்கும். ரிஃபாம்பிசின், ஃபெனிட்டாயின், கார்பமசெப்பைன் நேர் எதிர், ப்ரெட்னிசோலோனை வேகமாக அழித்துவிடும். அவற்றில் ஒன்றைப் புதிதாகத் தொடங்கினால் போட்டுவரும் அதே டோஸ் போதாமல் போகும்.

காலை_எட்டு:

ஒரு மாற்று யோசனை. 5 மி.கி. ப்ரெட்னிசோலோனுக்குப் பதில் ஹைட்ரோகார்டிசோனுக்கு (கார்டிசாலின் மருந்து வடிவம்) மாற்றலாமே? காலை 10, நண்பகல் 5, தேவைப்பட்டால் மாலை 2.5 மி.கி. அதன் செயல் 8 முதல் 12 மணி நேரம்தான். இரவில் உடம்பில் ஸ்டீராய்டு இல்லாத இடைவெளி கிடைப்பதால் விடிகாலை ஏ.சி.டி.ஹெச். எழும்ப வழி உண்டு. ப்ரெட்னிசோலோனின் செயல் 12 முதல் 36 மணி நேரம் நீளும்.

சுரப்பி_வகுப்பு:

கேள்வி நியாயமானது. இன்னும் நீண்ட நேரம் செயல்படும் டெக்ஸாமெத்தசோனில் இருப்பவர் என்றால் நானே மாற்றச் சொல்வேன். இவருக்கு வேண்டாம் என்று நினைப்பதற்குக் காரணம் பாலிமயால்ஜியாதான். அதன் இறுக்கம் பின்னிரவிலும் விடிகாலையிலும்தான் கூடும். நீங்கள் சொல்லும் இடைவெளி சரியாக அந்த நேரத்தில் வந்து விழுகிறது. அழற்சியை அடக்கும் திறனும் ஹைட்ரோகார்டிசோனுக்குக் குறைவு. மாற்றியபின் வலி வந்தால் நோயா, அட்ரினலா என்ற குழப்பத்துக்கே திரும்புவோம். காலை ஒரே வேளை ப்ரெட்னிசோலோன், மாலையில் ஒருபோதும் இல்லை என்பதைக் கடைப்பிடித்தாலே பெரும்பாலோருக்கு ஹைப்போதலாமஸ்-பிட்யூட்டரி-அட்ரினல் அச்சு மீள்கிறது. ஒரு வருடம் 5-இலேயே நின்றும் காலைக் கார்டிசால் 5-ஐத் தாண்டவில்லை என்றால் எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் சிறப்பு மருத்துவர்) பார்க்கட்டும்.

செந்தாழை:

டாக்டரிடம் பேசிவிட்டேன். 5-க்கு ஏற்றி, அழுத்த மாத்திரையையும் நிறுத்தி வைத்திருக்கிறார். தைராக்ஸின் இப்போதைக்கு இல்லை. மூன்றாம் நாளே எழுந்து நடக்கிறார், நின்ற அளவு 108/68. மிக்க நன்றி. இந்தக் காலத்தில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியும் இருக்கிறது.

சுரப்பி_வகுப்பு:

நல்ல செய்தி. காய்ச்சலின்போது நல்ல அட்ரினல் தானாகவே கார்டிசாலைப் பெருக்கிக்கொள்ளும். இவருடையதால் முடியாது, நாம்தான் கொடுக்க வேண்டும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், அல்லது படுக்கையில் போடும் தொற்று வந்தால் ப்ரெட்னிசோலோன் காலை 5, மாலை 5, ஆக 10 மி.கி. காய்ச்சல் விட்டதும் நேரே பழைய 5-க்கு. படிப்படியாக இறக்க வேண்டியதில்லை. மாலையில் ஒருபோதும் இல்லை என்று சொன்னதற்கு இது மட்டும் விலக்கு. சாதாரண ஜலதோஷத்துக்கும் மனக்கவலைக்கும் ஏற்றத் தேவையில்லை.

மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தியானால் இன்னொரு முறை கொடுங்கள். அதுவும் தங்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்: ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி உடனே, தசையிலோ நரம்பிலோ. பிறகு மருத்துவமனையில் சலைன், அடுத்த 24 மணி நேரத்தில் மொத்தம் 200 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் கொடுப்பார்கள். முதல் 100 மி.கி. ஊசியைப் போட்டுக்கொண்டுதான் புறப்பட வேண்டும், போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று நேரத்தைக் கடத்தக்கூடாது.

பல் விஷயம்: மரக்க வைத்துப் பிடுங்குவது என்றால் ஒரு மணி நேரம் முன் ஒரு கூடுதல் டோஸ் போதும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்த அறுவை சிகிச்சைக்கும் மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். மயக்கம் தொடங்கும்போதே 100 மி.கி. போவது வழக்கம். கார்டிசோன் மாத்திரையில் இருந்தவர் அறுவைக்குப் பின் அட்ரினல் செயலிழந்து இறந்ததாக 1952-இல் வெளியான அறிக்கைக்குப் பிறகு உருவான நடைமுறை இது. மருந்தை முழுக்க நிறுத்தியபின்னும், அட்ரினல் மீண்டது பரிசோதனையில் உறுதியாகாதவரை, ஒரு வருடத்துக்கு இதை எல்லா டாக்டர்களிடமும் சொல்லிக்கொண்டே இருங்கள். பையில் 'ஸ்டீராய்டு சார்ந்தவர், நிறுத்தக்கூடாது' என்று எழுதிய அட்டையும் இருக்கட்டும்.

மருந்துக்_கணக்கு:

அந்த ஊசியை வீட்டில் வாங்கி வைப்பதானால் பெயரை முழுதாகப் படித்து வாங்குங்கள். வேண்டியது ஹைட்ரோகார்டிசோன் சோடியம் சக்சினேட் 100 மி.கி., பொடியாக இருக்கும் குப்பி. ஹைட்ரோகார்டிசோன் அசிட்டேட் என்பது மூட்டுக்குள் போடும் கலங்கல் திரவம். அது மெல்லக் கரையும், நெருக்கடிக்கு உதவாது, நரம்பில் ஏற்றவே கூடாது. பொடிக் குப்பியோடு 2 மி.லி. ஊசி நீர், 2 மி.லி. சிரிஞ்சு, இரண்டு ஊசி முனை, பஞ்சு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். நீரைக் குப்பிக்குள் விட்டுத் தெளிவாகும்வரை சுழற்றி, தொடையின் வெளிப்பக்க நடுவில் செங்குத்தாகப் போடலாம். செவிலியர் ஒருவரிடம் வீட்டில் இரண்டு பேராவது முன்கூட்டியே செய்துகாட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். காலாவதித் தேதியை உறையின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.