சிகாகோவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு: படத்துல பார்த்த இடங்களை நேர்ல பார்க்கணும்னா

கேள்வி: 'த டார்க் நைட்', 'ஹோம் அலோன்', 'த பேர்' இதெல்லாம் எடுத்த இடங்களை கார் இல்லாம ஒரே நாள்ல பார்த்துட முடியுமா? ஊர்ல இருந்து வந்திருக்கிற அப்பா அம்மாவும் கூட வருவாங்க.

பதில்:

டவுன்டவுன்ல இருக்கிறதை ஒரே நாள்ல நடந்தே பார்த்துடலாம். 'ஹோம் அலோன்' வீடு வடக்கே வினெட்காங்கிற புறநகர்ல இருக்கு. அதுக்குத் தனியா அரை நாள் ஒதுக்குங்க. பெரியவங்களை வெச்சுக்கிட்டு ரெண்டையும் சேர்க்காதீங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு. கதை சிகாகோல நடக்குதுங்கிறதால படமும் இங்கதான் எடுத்தாங்கன்னு நினைச்சிடாதீங்க. 2002-ல வந்த 'சிகாகோ' படமே டொரான்டோல எடுத்தது. 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்'கும் பெரும்பகுதி அங்கதான். 'ஈஆர்' தொடர்ல வர்ற ஆஸ்பத்திரி கலிஃபோர்னியா பர்பேங்க்ல போட்ட செட். 2012-ல வந்த 'த டார்க் நைட் ரைசஸ்' பார்த்துட்டு இங்க தெருத்தெருவா தேடுறவங்க இருக்காங்க. அது பிட்ஸ்பர்க், நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ்னு போயிடுச்சு. பேட்மேனோட கோத்தம் நகரமா சிகாகோ இருந்தது அதுக்கு முந்தின ரெண்டு படத்துலதான்.

யூனியன் ஸ்டேஷன்ல ஆரம்பிங்க. 'த அன்டச்சபிள்ஸ்' (1987) படத்துல குழந்தையோட தள்ளுவண்டி உருண்டு இறங்குதே, அந்தப் படிக்கட்டு கிரேட் ஹால்ல கனால் தெருப் பக்கம் இருக்கு. படத்துல பார்த்த அதே கல் இப்போ இல்லை. பல வருஷம் மிதிபட்டு குழிஞ்சு போனதால, 2016-ல ரோம் பக்கத்துல இருக்கிற பழைய குவாரியிலேயே கல் வாங்கி மாத்தினாங்க. காலையில ஆபீஸ் கூட்டம் ஓடற நேரத்துல படியில நின்னு போட்டோ எடுக்க முடியாது. பத்து மணிக்கு மேல போங்க. உட்கார நல்ல மர பெஞ்சுகளும் இருக்கு.

அங்கேர்ந்து ஜாக்சன் தெருவில கிழக்கே, ஆத்துப் பாலம் தாண்டி பத்து நிமிஷம் நடந்தா லசால் தெரு. 'த டார்க் நைட்' படத்துல லாரி தலைகுப்புற கவிழ்ந்தது இங்கதான். நிறைய பேர் போர்ட் ஆஃப் டிரேட் கட்டடத்துக்கு நேர் அடியில நின்னு, படத்துல பார்த்த மாதிரியே இல்லையேன்னு திரும்பிடறாங்க. வடக்கே ஆடம்ஸ், மன்ரோ வரைக்கும் நடந்துட்டுத் திரும்பிப் பாருங்க. ரெண்டு பக்கமும் கட்டடம் சுவர் மாதிரி நிக்க, நடுவுல தெருவை அடைச்ச மாதிரி அந்தக் கட்டடம் தெரியும். அதுதான் படத்துல வர்ற கோணம். அந்தக் காட்சி கிராஃபிக்ஸ் இல்லை, நிஜ லாரி. டிரெய்லருக்குள்ள பெரிய பிஸ்டன் வெச்சு, அது ரோட்டை ஓங்கி உதைச்ச வேகத்துல பின்பக்கம் தூக்கிடுச்சு. தெருவுக்கு அடியில நிலவறைகள் இருக்கிறதால, உதை எங்க விழணும்னு ரொம்ப யோசிச்சுதான் இடம் குறிச்சாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில போனா தெரு காலியா இருக்கும், படம் அழகா வரும். ஆனா ஆடம்ஸ் முனையில இருக்கிற ரூக்கரி கட்டடத்து லாபி வாரநாள் ஆபீஸ் நேரத்துலதான் திறந்திருக்கும். 'ஹோம் அலோன் 2' படத்துல பொம்மைக் கடையா வந்தது அந்தக் கட்டடத்தோட வெளிப்பக்கம்தான். என்னைக் கேட்டா வாரநாள்தான் சரி. அந்த லாபியோட கண்ணாடிக் கூரையைப் பார்க்காம வரக்கூடாது.

அடுத்து டேலி பிளாசா. 'த ப்ளூஸ் பிரதர்ஸ்' (1980) கார் பாய்ஞ்சு வந்த இடம். 50 அடி உயர பிக்காசோ சிற்பத்தோட அடிப்பாகம் சரிவா இருக்கும், குழந்தைங்க சறுக்கி விளையாடுவாங்க. கார் துரத்தல் நடந்த லோயர் வேக்கரை (தெருவுக்குக் கீழ் அடுக்குல ஓடற ரோடு) நடந்து பார்க்கப் போகாதீங்க. புதுசா லைசென்ஸ் வாங்கினவங்க ஓட்டியும் பார்க்க வேண்டாம். அடுக்கடுக்கா ரோடு இருக்கிறதால நீங்க மேல இருக்கீங்களா கீழ இருக்கீங்களான்னு ஜிபிஎஸ் குழம்பும். ஆத்தோர நடைபாதையான ரிவர்வாக்ல படி இறங்கி நடந்தாலே அந்த அடுக்கு நல்லாத் தெரியும்.

'ஃபெரிஸ் புல்லர்ஸ் டே ஆஃப்' (1986) படத்துல பையன் வெறிச்சுப் பார்க்கிற சூராவோட புள்ளி ஓவியம் ஆர்ட் இன்ஸ்டிடியூட்ல இருக்கு. செவ்வாய், புதன் வழக்கமா விடுமுறை.

வினெட்காவுக்கு மெட்ரா ரயில். யூனியன் பசிஃபிக் நார்த் லைன் யூனியன் ஸ்டேஷன்ல இருந்து கிளம்பாது, பக்கத்துல இருக்கிற ஓகில்வி ஸ்டேஷன்ல இருந்துதான். இதுல ஏமாந்து ரயிலை விடுறவங்க அதிகம். சிடிஏ-ல (நகரத்து பஸ், ரயில்) தட்டற வென்ட்ரா கார்டு மெட்ராவுக்கு ஆகாது, தனி டிக்கெட் எடுக்கணும், வென்ட்ரா ஆப்லயே எடுக்கலாம். வார இறுதியில வண்டி குறைவு, திரும்புற வண்டி நேரத்தையும் முன்னாடியே பார்த்து வெச்சுக்கோங்க. 'ஹோம் அலோன்' வீடு தனியாருக்குச் சொந்தமானது. நடைபாதையிலேயே நின்னு பார்த்துட்டு வந்துடுங்க. உள்ளே எட்டிப் பார்த்தும் பிரயோஜனமில்லை, வீட்டோட உட்புறத்துல பெரும்பகுதி ஒரு பள்ளிக்கூடத்து ஜிம்ல போட்ட செட்.

'த பேர்' தொடர்ல வர்ற சாண்ட்விச் கடையோட நிஜ உருவம் ஆர்லியன்ஸ் தெருவில இருக்கிற 'மிஸ்டர் பீஃப்'. முதல் எபிசோடுக்கு அப்புறம் சமையலறை ஸ்டுடியோ செட்தான். பேர்லயே இருக்கிற மாதிரி அது மாட்டுக்கறிக் கடை. சாப்பிடாதவங்க வெளியில பார்த்துட்டு நகர்ந்துடலாம். 'சிகாகோ ஃபயர்' தொடர்ல வர்றது புளூ ஐலண்ட் அவென்யூவில நிஜமாவே வேலை நடக்கிற தீயணைப்பு நிலையம். ஷட்டர் கதவுக்கு முன்னாடி நிக்கவே கூடாது. வண்டி எப்போ வேணாலும் வெளியே வரும்.

கேள்வி: எங்க தெருவிலேயே ஷூட்டிங் நோட்டீஸ் ஒட்டியிருக்கு. கார் என்ன ஆகும்? எக்ஸ்ட்ராவா நடிக்கக் கூப்பிடறாங்க, போகலாமா?

பதில்:

மரத்துலயும் கம்பத்துலயும் கட்டியிருக்கிற காகிதப் பலகையில தேதி, மணி ரெண்டையும் படிங்க. அந்த நேரத்துல கார் நின்னா இழுத்துட்டுப் போவாங்க, பெரும்பாலும் பக்கத்துத் தெருவுக்கு. காரைக் காணோம்னா திருட்டுன்னு பதறாம முதல்ல நகர நிர்வாகத்தோட உதவி எண் 311-க்கு போன் பண்ணி நம்பர் பிளேட்டைச் சொல்லுங்க. அதனால பிளேட் நம்பரை போன்ல எழுதி வெச்சிருக்கணும்.

எக்ஸ்ட்ரா விஷயத்துல கவனம் தம்பி. கூட்டத்துல ஒருத்தரா நிக்கறதும் சம்பள வேலைதான், வேலை செய்ய அனுமதி இருக்கான்னு காட்டற ஐ-9 படிவம் நிரப்பச் சொல்வாங்க. எச்-1பி வேலை விசால இருக்கிறவங்க ஸ்பான்சர் பண்ணின கம்பெனிக்குத்தான் வேலை செய்யலாம். எஃப்-1 விசா மாணவருக்கும், இஏடி (வேலை அனுமதி அட்டை) இல்லாத எச்-4 துணைக்கும் (எச்-1பி-காரரோட கணவன், மனைவி) இது கூடாது. ஓபிடி-ல (எஃப்-1 மாணவருக்குக் கிடைக்கிற தற்காலிக வேலை அனுமதி) இருந்தா வேலை படிப்போட சம்பந்தப்பட்டிருக்கணும். 'காசு வாங்கலை, சும்மாதான் நின்னேன்'னு சொல்றதும் காப்பாத்தாது, மத்தவங்களுக்குச் சம்பளம் தர்ற வேலையை இலவசமா செஞ்சாலும் அனுமதியில்லாத வேலைன்னு எடுத்துக்கலாம். கிரீன் கார்டு இருக்கிறவங்க, செல்லுபடியாகிற இஏடி வெச்சிருக்கிற எச்-4 துணைங்க தாராளமா போகலாம். பதிவு செய்ய முன்பணம் கேட்டா அது ஏமாத்து வேலை. லோகோ, வெள்ளை, பளிச்சுன்னு சிவப்பு இல்லாம ரெண்டு மூணு செட் துணி எடுத்துட்டுப் போங்க. பன்னிரண்டு மணி நேரம் ஆகும், சார்ஜரும் வேணும்.