வன்னியில் காசுக்குப் பந்தடித்த கதை

வாய்க்கால்கரை:

"முந்தி ஊருக்காக விளையாடினாங்கள், இப்ப காசுக்கு விளையாடுறாங்கள்" என்று இங்கே ஒரு தம்பி எழுதியிருந்தார். கனகாலம் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் பொருளாளராக இருந்தவன் நான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பழைய ஆட்டக்காரர், மத்தியஸ்தர்மார் யாரும் இருந்தால் நீங்களும் எழுதுங்கோ.

காசு நேற்று வந்த பழக்கமில்லை. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் பக்கத்தில் கழகங்களை நடத்தினது வயல்தான். பெரும்போகம் வெட்டி நெல் விற்று, மாசி பங்குனியில் கையில் ஏதாவது புழங்கும்போதுதான் சுற்றுப்போட்டி வரும். வெட்டின வயலே சில வேளை மைதானம். அடுத்த ஊரிலிருந்து ஒரு நல்ல முன்வரிசை ஆட்டக்காரனைக் கூட்டி வந்தால், போகும்போது அவன் சைக்கிள் கரியரில் அரை மூட்டை நெல் கட்டிவிடுவார்கள். கணக்குக் கொப்பியில் அதற்கு ஒரு வரியும் இராது.

1995 ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து வந்ததே, அதில் வந்த பெடியளில் பெரிய கழகங்களுக்கு விளையாடினவர்களும் இருந்தார்கள். பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுவதுதான் அதுவரை எங்கள் ஆட்டம். நிலத்தோடு கொடுத்து வாங்க எங்களைப் பழக்கினது அவர்கள்தான். அப்போது பொருளாதாரத் தடை. பந்து கிழிந்தால் புதுசு இல்லை. பிளடர் ஓட்டைக்கு சைக்கிள் ரியூப் துண்டு ஒட்டி, தோலைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைப்போம். தையல் போட்ட பக்கம் புடைத்து நிற்கும். அதற்குத் தலை கொடுத்தவன் அன்றிரவு தலையிடியோடுதான் படுப்பான். அடுத்த வருடம் கிளிநொச்சியும் இராணுவத்திடம் போக, நாங்களே அக்கராயன், புதுக்குடியிருப்பு என்று சிதறிப் போனோம்.

காசு உறையில் வந்தது 2002 இல் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்த பிறகு. வெளிநாட்டில் இருந்த பழைய உறுப்பினர்கள் லண்டன், ரொறன்ரோ என்று பல இடத்திலிருந்து ஜேர்சியும் காசும் அனுப்பினார்கள். முகமாலைச் சோதனைச் சாவடி தாண்டி யாழ்ப்பாணத்து ஆட்டக்காரர் வரத் தொடங்கினார்கள். சோதனையில் பூட்ஸையும் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார்கள், பிறகு இங்கால் வரிசை. காலை வெளிக்கிட்டவன் பின்நேரம் முதல் விசிலுக்குத்தான் வந்து சேருவான். அவனுக்கு பஸ் காசு, சோற்றுப் பார்சல், ஒரு கடித உறை. 2006 ஆவணியில் பாதை பூட்டினதோடு அதுவும் நின்றது.

பழைய கோலி:

அண்ணை, பிறகு நடந்ததை நான் சொல்கிறேன்.

2009 இல் போர் முடிந்து மனிக் பாம் அகதி முகாமில் இருந்தபோது கூடாரங்களுக்கு இடையில் கிடைத்த இடத்தில் சின்னப் பெடியளோடு அடித்தோம். மீள்குடியேறி வந்து பார்த்தால் மைதானத்தில் இடுப்பளவு பற்றை, கோல் கம்பம் இரண்டும் இல்லை. மைதானத்தைத் துப்புரவாக்கித் தந்துவிட்டார்கள், ஆனால் மேற்குப் பக்கக் காணியில் மிதிவெடி எடுக்கிற வேலை முடியவில்லை. சிவப்புத் தடி நட்டு, மண்டையோடு போட்ட பலகை தொங்கும். பந்து அந்தப் பக்கம் போனால் ஆட்டம் நின்றுவிடும். திங்கட்கிழமை வேலைக்கு வருகிற கண்ணிவெடிக்காரர்தான் எடுத்துத் தருவார்கள். அதனால் அந்தக் கோலில் நிற்கிறவனுக்குப் பந்தைத் தடுக்கிறதோடு, தடுத்த பந்து எந்தப் பக்கம் தெறிக்கிறது என்ற யோசனையும் வேணும். இப்போதும் நான் பந்தை வலப்பக்கம்தான் தட்டுவேன், பழக்கம் போகவில்லை.

கம்பத்துக்குக் காட்டுத்தடி, வலைக்கு முல்லைத்தீவிலிருந்து வந்த பழைய மீன்வலை. முதல் சுற்றுப்போட்டிக்கு அந்த வலையை எத்தனை தரம் கழுவியும் நாற்றம் போகவில்லை. காசாவது உறையாவது! தண்ணீர்ப் போத்தல் வாங்கவே ஆள் ஆளாய்ச் சேர்த்தோம்.

மன்னார்ப் பெடியன்:

காசுக்கு வந்து விளையாடினவன் நான்தான், சொல்லுங்கோ! கிளிநொச்சி, விசுவமடு, முள்ளியவளைப் பக்கம் எல்லாம் இறங்கியிருக்கிறேன்.

நான் மேசன் வேலை. சனிக்கிழமை ஆட்டம் என்றால் அன்றைய கூலி போச்சு. ஞாயிறு கால் வீங்கியிருந்தால் திங்களும் போச்சு. அவர்கள் தருகிறது அந்த இரண்டு நாளுக்கும் சரிக்கட்டும், சில வேளை பூட்ஸ் அடி ஒட்டவும் மிஞ்சும். இதில் என்ன பணக்காரத்தனம்? கோல் அடித்தால் "எங்கட தம்பி". தண்ட உதையை வெளியே அடித்தால் "காசுக்கு வந்தவன்". இரண்டும் ஒரே வேலிக்குப் பின்னால் நின்ற ஒரே வாயிலிருந்து வரும்.

ஒரு கழகத்துக்கு (பெயர் வேண்டாம்) விளையாடும்போது முழங்கால் திரும்பிவிட்டது. வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனவர்கள் பிறகு போனும் எடுக்கவில்லை. எழுத்தில் ஒன்றும் இல்லைத்தானே, எதைக் காட்டிக் கேட்கிறது? உறையைப் பற்றி இவ்வளவு கதைக்கிறோம், உடைந்த காலுக்கு யார் பொறுப்பு என்று ஒருவரும் கதைக்கிறதில்லை.

ஊதுகுழல்:

மத்தியஸ்தருக்கும் ஏதாவது எழுதுங்கோ மச்சான்மார். ஆட்டக்காரனுக்கு உறை, எனக்கு சோடாவும் ஏச்சும்.

வாய்க்கால்கரை:

மன்னார்த் தம்பி சொன்னது நியாயம். அதனால்தான் நான் காசு கொடுக்கிற பக்கம். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை சும்மா விளையாட வேண்டும் என்று சொல்லுகிறவர்களைப் பாருங்கள், முக்கால்வாசி மாதச் சம்பளக்காரர்.

எங்களை முழுத் தொழில்முறை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 இல் யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் நடந்து, கிளியூர் கிங்ஸ், முல்லை பீனிக்ஸ் என்று எங்கள் பக்கத்துப் பெயரில் அணிகள் இறங்கினபோது ஊரே நிமிர்ந்தது. 2021 இல் கொழும்பில் தொழில்முறைச் சுப்பர் லீக் தொடங்கியது. 10 கழகம், அதில் வடமாகாணத்திலிருந்து ஒன்றும் இல்லை. 2023 இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா, இலங்கைச் சம்மேளனத்தைத் தையில் இடைநிறுத்தி ஆவணியில்தான் விட்டது. எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டியில் அது பற்றிக் கவலைப்பட்ட ஆளை நான் காணவில்லை.

அதைவிட 2022 தான் கடுமை. எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். முழங்காவிலிலிருந்து வருகிற பெடியனுக்கு "காசு வேணாம் அண்ணை, போறதுக்குப் பெற்றோல் தாங்கோ" என்ற நிலை. செயலாளர் தன் பங்கில் அரைவாசியைப் போத்திலில் இறக்கிக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் கடைக்குப் போய் வந்தார்.

போன பொதுக்கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோம். வெளி ஆட்டக்காரனோ உள்ளூர்ப் பெடியனோ, காயம்பட்டால் மருந்துச் செலவும் வேலைக்குப் போகாத நாளின் கூலியும் கழகம் கொடுக்கும். சுற்றுப்போட்டி நுழைவுக் காசில் ஒரு பங்கு இதற்கென்று தனியாக வங்கியில் போடுகிறோம். வெளிநாட்டு உறுப்பினர் இருவருக்கு இது பிடிக்கவில்லை, கிண்ணம் வாங்கத்தான் காசு தருவார்களாம். சரி, கிண்ணத்துக்கே தரட்டும்.

ஊதுகுழல், உங்களுக்கும் இந்த முறை உறை உண்டு. ஏச்சுக்கு நாங்கள் பொறுப்பில்லை.