முக்காலியா, முக்கோலா?

மடல் 1

அன்புடையீர், வணக்கம். கல்லூரி ஒளிப்பட வகுப்புக்காக நிலக்காட்சிப் படக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கேமராவைத் தாங்கும் மூன்று கால் கருவியான டிரைபாட் வாங்குவது பற்றிய இயலில் 'முக்காலி' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புத் திருத்தியவர் 'உட்காரும் பலகையா?' என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். வேறு சொல் உண்டா? கேமராவை எப்பக்கமும் சாய்க்க உதவும் பால் ஹெட், நடுவில் ஏறி இறங்கும் சென்டர் காலம் ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும்.

மடல் 2

ஐயா, அவர் கேட்டது நியாயமே. முள் உடைய செடிகள் எல்லாம் முள்ளிச் செடி ஆகாததுபோல, முக்காலியும் காரணம் பொதுவாயினும் பலகைக்கே இடப்பட்டுவிட்ட பெயர். 'முக்கோல்' இருக்க வேறு சொல் எதற்கு? தொல்காப்பிய மரபியல் அதை நூல், கரகம், மணை ஆகியவற்றோடு அந்தணர்க்கு உரியதாக எண்ணுகிறது. முல்லைப்பாட்டிலோ, ஊன்றிய வில்லில் அம்பறாத்தூணியைத் தொங்கவிட்ட காட்சிக்கு 'முக்கோல் அசைநிலை கடுப்ப' என்று துறவியின் கோல் உவமையாகிறது. ஊன்றி நின்று ஒரு பொருளைத் தாங்குவதுதானே நம் கருவியின் வேலையும்? எழுதுகோல், அளவுகோல் என்று கருவிப்பெயருக்கும் 'கோல்' பழகியதே.

மடல் 3

மேற்கோள் அருமை; ஆனால் துறவியின் முக்கோல் மூன்று தண்டுகளை ஒன்றாகக் கட்டியது, நம் கருவியோ விரிந்தால்தான் பயன்படும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதால்தான், நான்கு கால் ஆடும் பாறையிலும் அது ஆடாமல் நிற்கிறது. கடையில் 'காலை விரியுங்கள்' என்பார்களே ஒழியக் கோலை விரிக்கச் சொல்லமாட்டார்கள். பள்ளி ஆய்வகத்தில் கம்பி வலையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் முக்காலி என்றே படித்தோம். எவரும் அதில் உட்காரவில்லை.

உண்மையில் சொல் இல்லாமல் தவிப்பது உறுப்புகளுக்குத்தான். நடுவிலுள்ள தண்டை உயர்த்தியதும், மூன்று காலின் உறுதி போய்க் கருவி ஒற்றைக் கம்பத்தின் நுனியில் நிற்பதாகிவிடுகிறது. மலை முகட்டுக் காற்றில், சில நொடிகள் நீளும் அந்தி வெளிச்சப் படம் கலங்குவதற்கு அதுவே போதும். ஆகவே தண்டை உயர்த்தாமலே கண்மட்டத்தை எட்டும் கால்களாகப் பார்த்து வாங்கவேண்டும் என்பதை மாணவருக்குச் சொல்ல 'நடுத்தண்டு' என்ற சொல் உடனே தேவை. பால் ஹெட்டுக்குக் 'குண்டுத்தலை' வேண்டவே வேண்டாம், வசவுபோல ஒலிக்கிறது. தோள்மூட்டைப் பந்துக்கிண்ண மூட்டு என்று உயிரியல் பாடம் ஏற்கெனவே சொல்வதால் 'பந்துக்கிண்ணத் தலை' எனலாம்.

மடல் 4

ஒரு சங்கடம். கேமராவைப் பிடிக்கும் திருகு கால் அங்குலம். 'முக்காலியின் கால் அங்குலத் திருகு' என்றால் எந்தக் கால் என்று மாணவர் கேட்பார். தலையைக் கால்களோடு இணைக்கும் பெரிய திருகு 3/8 அங்குலம், அதாவது காலே அரைக்கால் (1/4 + 1/8). பழைய பின்னங்களை மீட்க நல்ல வாய்ப்பு!

மடல் 5

நன்றி. பின்னத்தை எண்ணாலேயே எழுதிவிடுகிறேன். பெரும்பான்மை கருதி முதலில் வரும் இடத்தில் மட்டும் 'படமுக்காலி', பிறகு 'முக்காலி' என்று எழுதுகிறேன். நடுத்தண்டும் பந்துக்கிண்ணத் தலையும் அப்படியே இடம்பெறும்.

மடல் 6

அச்சுக்குப் போகட்டும், முக்கோலுக்காக வாதிட்ட என் மறுப்பு இந்த மடல் இழையில் இருக்கட்டும். அடுத்த இயலில் ஒரே கால் உடைய மோனோபாட் வருகிறது. அதை 'ஒற்றைக்காலி' என்று எழுதத் துணிவீர்களா, அல்லது 'ஒற்றைக்கோல்' என்று தேடி வருவீர்களா?