ஃபயர் பெல் அடித்த அன்று: உங்கள் அனுபவம் என்ன?

விமான இன்ஜினில் தீ என்று எச்சரிக்கிற அந்த மணியை, பயிற்சிக்கான சிமுலேட்டரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பயணிகளோடு பறக்கும்போது கேட்டது ஒரே ஒரு தடவைதான்.

போயிங் 737. நான் கோ-பைலட், ஓட்டிக்கொண்டிருந்தது கேப்டன். மேலே ஏறிக்கொண்டிருந்தோம், 9,000 அடி தாண்டியிருக்கும். திடீரென்று காதைத் துளைக்கிற மணி, எதிரே சிவப்பு விளக்கு, குனிந்து பார்த்தால் வலது இன்ஜினின் (நம்பர் டூ) ஃபயர் ஹேண்டிலும், தீயை அணைக்க இழுக்கிற கைப்பிடி, சிவப்பாக எரிகிறது. முதலில் மணியை நிறுத்தினேன், அது அடிக்கிற வரை பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் ஏறாது.

கேப்டன் இன்ஜின் விசையைத் தானாகவே கட்டுப்படுத்துகிற ஆட்டோ த்ராட்டிலை எடுத்துவிட்டு, இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கிற த்ரஸ்ட் லீவர்களில் ஒன்றின் மேல் கை வைத்து, இழுக்காமல், "நம்பர் டூதானே?" என்றார். "ஆமாம் சார், நம்பர் டூ." அப்புறம்தான் இழுத்தார். அடுத்து எரிபொருளை நிறுத்துகிற லீவர், அது என் வேலை. என் கை பரபரவென்று போய் அதைப் பாதி தூக்கியும்விட்டது. "இருப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்றார், குரலை உயர்த்தாமல். அவர் பார்த்து "சரி" என்ற பிறகுதான் அதைக் கட்-ஆஃபுக்கு, அதாவது எரிபொருள் நிற்கிற நிலைக்கு, கொண்டுபோனேன். 1989 ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த 737-இல் பழுதானது இடது இன்ஜின், பைலட்டுகள் நிறுத்தியது வலது இன்ஜினை. 47 பேர் இறந்தார்கள். பயிற்சியில் படித்த அந்தக் கதை என் கைக்கும் நடந்திருக்கலாம் என்று அன்றுதான் உறைத்தது.

ஃபயர் ஹேண்டிலை இழுத்தால் அந்த இன்ஜினுக்குப் போகும் எரிபொருள், ஹைட்ராலிக் எண்ணெய், இன்ஜினிலிருந்து பிரித்தெடுக்கிற சூடான ப்ளீட் காற்று எல்லாம் அடைபடும். இழுத்தேன், விளக்கு அணையவில்லை. ஒரு பக்கம் திருப்பி ஒரு விநாடி பிடித்தேன், தீயணைப்பு வாயுவான ஹாலோன் முதல் பாட்டில் காலி. இனி 30 விநாடி காத்திருக்க வேண்டும். கடிகாரத்தை ஓடவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், முள் நகர்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. 30 ஆனது, இன்னும் சிவப்பு. மறுபக்கம் திருப்பினேன். இருப்பதே இரண்டு பாட்டில்தான். சில விநாடி கழித்து விளக்கு அணைந்தது.

ரேடியோவில் "மேடே" என்று அவசர அழைப்பு கொடுத்து, செக்லிஸ்டை வரி வரியாகப் படித்து, ஒற்றை இன்ஜினில் திரும்பி வந்து இறங்கினோம். பிரித்துப் பார்த்தபோது உள்ளே தீ எரிந்த தடயமே இல்லை, ப்ளீட் குழாய் விட்டுப்போய் அந்தச் சூட்டுக் காற்று சென்சாரில் அடித்திருக்கிறது. "வீணா நிறுத்திட்டீங்களே" என்று ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. காக்பிட்டில் இருந்து அந்த இன்ஜினைப் பார்க்கவே முடியாது. விளக்கு தீ என்றால் தீதான்.

*

நான் விமானப் பணிப்பெண். கேபின் பக்கத்திலிருந்து என் அனுபவம், வேறொரு விமானத்தில். கேப்டன் இன்டர்காமில் நான்கே விஷயம் சொன்னார்: என்ன ஆனது, என்ன செய்யப்போகிறோம், எத்தனை நிமிடம், வேறு என்ன கவனிக்க வேண்டும். அதை அவரிடமே அப்படியே திருப்பிச் சொன்னேன், சொல்லச் சொல்ல என் குரல் நடுக்கம் நின்றது. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இறங்கி ரன்வேயில் நின்றதும் பாதிப்பேர் பெட்டியை எடுக்க எழுந்துவிட்டார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், ஸ்லைடில் இறங்க வேண்டி வந்தால் வழியில் கிடக்கிற ஒரு பெட்டி பின்னால் வருகிற அத்தனை பேரையும் நிறுத்திவிடும். நான் கத்தியும் கேட்கவில்லை. அந்த அம்மாதான் "உட்காருங்க, அந்தப் பொண்ணு சொல்றது காதுல விழலையா" என்று சத்தம் போட்டு எல்லோரையும் உட்கார வைத்தார்.