டெல்லியில் புரட்டாசியில் டெங்கு, வியாசர்பாடியில் கார்த்திகையில்: ஏன் இப்படி?

வியாசர்பாடி செல்வி:

வணக்கம். என் தங்கை டெல்லியில் இருக்கிறாள். வருஷா வருஷம் புரட்டாசி பிறந்தால் போதும், இங்கே வீட்டுக்கு வீடு டெங்கு, அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று போன் வந்துவிடும். டிவியிலும் அதே செய்திதான். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் காய்ச்சல் இருக்காது, வெயிலும் புழுக்கமும்தான். பயந்துபோய்க் கொஞ்ச நாள் கவனமாக இருப்போம், அப்புறம் எல்லோரும் விட்டுவிடுவோம். தீபாவளி மழையெல்லாம் கொட்டி முடிந்து கார்த்திகை விளக்கு ஏற்றுகிற சமயத்தில் பார்த்தால் வரிசையாகப் பிள்ளைகள் படுத்துவிடுகிறார்கள். டெல்லிக் காய்ச்சல்தான் ரயிலேறித் தாமதமாக இங்கே வருகிறதா? பக்கத்தில் கேப்டன் காட்டன் கால்வாய் இருப்பதால்தான் எல்லாம் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை இருக்கிறது. ஃப்ளூ ஊசி போடச் சொன்னார் டாக்டர். தங்கை மே மாதமே போட்டுக்கொண்டாளாம், அம்மாவுக்கு எந்த மாதம் போடுவது? அப்புறம் என் தம்பி துறைமுகத்திலிருந்து லாரி ஓட்டுகிறான், ஒடிசா, சத்தீஸ்கர் பக்கம் அடிக்கடி போவான். அவனுக்கு என்ன சொல்லி அனுப்பலாம்?

ராயபுரம் பெரியவர்:

தங்கச்சி, நான் கொசுப்புழு ஒழிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் மாடி மாடியாக ஏறி டேங்க் பார்த்த ஆள். டெல்லிக் காய்ச்சல் இங்கே வருவதில்லை. மழை வேறு மாதம், அதனால் காய்ச்சலும் வேறு மாதம். அங்கே ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பெரும்பகுதித் தண்ணீரை இறக்கிவிட்டுத்தான் நம்ம பக்கம் வரும். சென்னைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது.

மழை பெய்த மறுநாளே டெங்கு வந்துவிடாது. முட்டை பொரிந்து புழுவாகிக் கொசுவாகப் பறக்க எட்டு பத்து நாள். அது டெங்கு நோயாளியைக் கடித்தால் கிருமி அதன் உடம்பில் பெருகி எச்சிலுக்கு வர இன்னும் 8 முதல் 12 நாள். அப்புறம் அது கடித்த ஆளுக்குக் காய்ச்சல் தெரிய 4 முதல் 10 நாள். கூட்டிப் பாருங்கள், ஒரு சுற்று முடியவே ஒரு மாதம் பக்கம் ஆகிவிடும். ஐப்பசி மழைக்குக் கார்த்திகையிலும் மார்கழியிலும் பிள்ளைகள் படுப்பது இதனால்தான்.

கால்வாய் விஷயம் வேறு. ராத்திரி காதருகே ரீங்காரம் போட்டுக் கடிப்பது க்யூலெக்ஸ் கொசு, அது சாக்கடைத் தண்ணீரில் வளரும், யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் தெளிந்த தண்ணீரைத் தேடும், பகலில் கடிக்கும், பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தாண்டிப் போகாது. டிரம், குடம், பிரிட்ஜுக்குப் பின்னாலிருக்கும் தட்டு, மாடியில் போட்ட டயர், இதெல்லாம்தான் அதன் வீடு. நம்ம பக்கம் டிரம் இல்லாத வீடே கிடையாது. மக்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. குழாயில் தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும், லாரித் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் உலை வைக்க முடியும். நாள் முழுக்கத் தண்ணீர் வருகிற ஊரில் யார் டிரம் வாங்கி அடுக்குவார்கள்? இப்படிச் சேர்த்துவைப்பதால்தான் கோடையிலும் ஏடிஸ் முழுசாக ஒழிவதில்லை, மழை வந்ததும் பல மடங்காகிவிடுகிறது.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். புரட்டாசியில் ஆயுத பூஜைக்கு வீட்டைக் கழுவுகிறோமே, அப்போதே தேய்த்துவிட்டு மழை முடிகிற வரை வாரம் ஒரு முறை தேய்த்தால் கார்த்திகையில் பெரிய வித்தியாசம் தெரியும். புகை அடிப்பது பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது.

பெரம்பூர் லேப் டெக்னீஷியன்:

ஃப்ளூ பற்றி நான் சொல்கிறேன். இந்தியா முழுமைக்கும் ஒரே ஃப்ளூ சீசன் கிடையாது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை, கடுங்குளிரில் உச்சம். டெல்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை மழையோடு ஏறும், குளிர்காலத்தில் மறுபடி ஒரு தடவை எட்டிப் பார்க்கும். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர்தான் அதிகம். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் பிடிக்கும், மாதங்கள் போகப் போக அது குறையும். ஆக உங்கள் தங்கை மே மாதம் போட்டது அவள் ஊருக்குப் பொருத்தம், அம்மாவுக்கு ஆகஸ்ட், செப்டம்பர் பொருத்தம். சர்க்கரை இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள் அக்கா, அந்த வருஷத்துக்கென்று புதிதாக வந்த ஊசிதானா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெங்குவுக்கு என்எஸ்1, அதாவது ரத்தத்தில் கிருமியின் புரதத்தைத் தேடுகிற பரிசோதனை, காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாளுக்குள் பார்த்தால்தான் நம்பலாம். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு ஐஜிஎம், அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைப் பார்க்க வேண்டும். தாமதமாக வந்து என்எஸ்1 மட்டும் எடுத்து, நெகட்டிவ் என்று நிம்மதியாகப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இன்னொன்று, காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது இறங்குகிற சமயம்தான் ஆபத்தான நேரம். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், கை கால் ஜில்லிடுவது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடவே கூடாது.

மணலி லாரிக்காரன்:

தம்பிக்கு நான் சொல்கிறேன், நானும் அந்த ரூட்டில் ஓடியவன்தான். ஒடிசாவில் கோராபுட், மல்கான்கிரி, சத்தீஸ்கரில் பஸ்தர், இதெல்லாம் மலையும் காடும், மலேரியா இன்னும் விடாத பகுதி. அங்கே அதிகம் வருவது ஃபால்சிபாரம் வகை, மூளையைத் தாக்கக்கூடியது, ஓரிரு நாளிலேயே ஆளைக் கவிழ்த்துவிடும். கேபினில் கொசுவலை கட்டாமல் தூங்கக் கூடாது. ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் எங்கே போய் வந்தேன் என்று சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொல்லாததால்தான் பலருக்குச் சிகிச்சை தள்ளிப்போகிறது.

ராயபுரம் பெரியவர்:

லாரிக்கார தம்பி சொன்னது சரி. சென்னை மலேரியா வேறு வகை, பெரும்பாலும் வைவாக்ஸ். அதைப் பரப்புகிற அனாஃபிலஸ் ஸ்டீபன்சி கொசு நம்ம கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளர்வது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு இந்த ஊரில்தான் இருந்தது, இப்போது எவ்வளவோ குறைந்துவிட்டது. வைவாக்ஸ் ஈரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்தும் திரும்பி வரும், அதனால் டாக்டர் தருகிற 14 நாள் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. எந்த நோய் எந்த ஊரில் என்கிற வரைபடம் அப்படியே இருப்பதும் இல்லை. 1903-ல் டாக்டர் டோனவன் மணல் ஈ கடித்து வருகிற காலா அசார் என்ற காய்ச்சலின் கிருமியைக் கண்டது நம்ம சென்னைப் பொது மருத்துவமனையில்தான், இன்று அந்த நோய் முக்கியமாகப் பீகார், ஜார்கண்ட் பக்கம்.

கொடுங்கையூர் வாசகி:

மழைக்காலக் காய்ச்சல் எல்லாம் டெங்கு இல்லை, இதையும் யாராவது சொல்ல வேண்டும். என் அப்பாவுக்கு மார்கழியில் காய்ச்சல், பிளேட்லெட் குறைவு, டெங்கு நெகட்டிவ், எந்த மருந்துக்கும் இறங்கவில்லை. கடைசியில் ஒரு இளம் டாக்டர் உடம்பு முழுக்கப் பார்த்து, இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார். ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது, டாக்ஸிசைக்ளின் கொடுத்ததும் இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்தார். இமாச்சலில் இது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, நம்ம பக்கம் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை. எலிக்காய்ச்சலும் அப்படித்தான், கேரளாவில் ஜூனில் மழை தொடங்கியதும் ஏறும், நமக்கு வெள்ளம் தேங்குகிற ஐப்பசி, கார்த்திகையில். காலில் புண்ணோடு தேங்கிய தண்ணீரில் நடந்திருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

கோடையை மறந்துவிடாதீர்கள். மாசியிலிருந்து சித்திரை வரை சின்னம்மை. தண்ணீர் தட்டுப்பாட்டு மாதங்களில் குழாயில் அழுத்தம் குறைந்தால், பக்கத்தில் கசிகிற கழிவுநீர் விரிசல் வழியாக உள்ளே வந்துவிடும், மஞ்சள் காமாலையும் டைபாய்டும் அப்படித்தான் தெருவுக்குள் வருகின்றன. வெயில் காலத்திலும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

வியாசர்பாடி செல்வி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு ஆவணியிலேயே ஊசி போட்டுவிடுகிறேன். ஒரு சந்தேகம் பெரியவரே, எங்கள் சம்ப் மூடி உடைந்து கிடக்கிறது, வீட்டுக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

ராயபுரம் பெரியவர்:

1913-க்குப் போன் போட்டு மாநகராட்சியில் சொல்லுங்கள், ஆள் வந்து பார்த்து கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றுவார்கள், வீட்டுக்காரருக்கு நோட்டீஸும் கொடுக்கலாம். அதுவரை பழைய வேட்டியை இரண்டாக மடித்து வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது, தொட்டால் அந்த ஈரத் துணி மேலேயே முட்டை போட்டுவிடும்.